குமிழி விட்ட நீலக் கண்ணாடி

கிளிநொச்சியில் கார்த்திகை மழை பிடித்த கிழமை அது. நிறம் மாறும் கண்ணாடி ஒன்று செய்துகொண்டிருந்தேன். ஒரு பக்கம் தங்ஸ்தன் ஒட்சைட்டுப் படலம், மறுபக்கம் பிரசியன் நீலம், நடுவில் லிதியம் உப்புக் கரைத்த அயன் திரவம், அதாவது சூடாக்காமலே திரவமாக இருக்கும் ஒரு வகை உப்பு. 2 வோல்ற் கொடுத்தால் இரண்டு படலமும் சேர்ந்து நீலமாகும். முனைகளை மாற்றினால் வெளுக்கும். முதல் நாள் சரியாக வேலை செய்தது. அடுத்த நாள் ஓரமெல்லாம் ஊசிமுனைக் குமிழிகள். குமிழி இருந்த இடத்தில் நிறமே ஏறவில்லை.

ஒட்டுப் பசையைச் சந்தேகித்து மாற்றினேன். அப்புறம் பற்றரி, வயர், கவ்வி எல்லாம் மாற்றினேன். மூன்று நாள் வீண், கடுப்புத்தான் மிச்சம்.

பிழை திரவப் போத்தலில் இருந்தது. நான் வாங்கியது நீரோடு கலக்காத வகை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மேலே தனியாக மிதக்கும். அதை நம்பி மூடியை இறுக்காமல் விட்டிருந்தேன். ஆனால் அந்த வகையும் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். அந்த நீர்தான் மின்னில் பிரிந்து வாயுவாகியிருக்கிறது. இதற்கு முன்பே ஓர் அறிகுறி இருந்தது: திரவம் ஊசியில் வழக்கத்தைவிட இலகுவாக ஓடியது. நீர் சேர்ந்தால் பிசுக்குமை, அதாவது திரவத்தின் தடிப்பு, குறையும். நானோ, நிரப்பச் சுகமாக இருக்கிறது என்று சந்தோசப்பட்டேன்!

வெற்றிட அடுப்பில் 80 பாகையில் ஓர் இரவு முழுக்கக் கலக்கியபடி வைத்தேன். காலையில் ஊசியில் தேன்போல இழுபட்டது. காற்றில் விட்டுவைக்காமல் நிரப்பி, உடனே ஓரத்தை அடைத்தேன். இரண்டு கிழமையாகிறது, ஒரு குமிழிகூட இல்லை.