பஸ் கணக்கில் எதை விடலாம், எதை விடக்கூடாது

“காற்றுத்தடையைப் புறக்கணிக்கவும்” என்று பிளஸ் ஒன் கணக்குகளில் வரும். புறக்கணிக்கலாமா என்பதைக் கேள்விதான் முடிவு செய்யும். எண் போட்டுப் பார்க்காமல் விடக்கூடாது.

பெருந்துறைப் பக்கம் நெடுஞ்சாலையில் 15 டன் பஸ் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வருகிறது. பிரேக் போட்டால் எங்கே நிற்கும்? முதலில் 5/18-ஆல் பெருக்குங்கள்: வினாடிக்கு 20 மீட்டர். பாதிப் பிழைகள் இந்த இடத்திலேயே நடக்கின்றன. பஸ் ஒரு புள்ளி நிறை (நீள அகலம் இல்லாமல் நிறை முழுவதும் ஒரே புள்ளியில்), சாலை சமதளம், எதிர் முடுக்கம் (வேகம் குறையும் வீதம்) மாறாமல் 5 மீ/வி² என்று கொண்டால், v² = u² + 2as சூத்திரப்படி வேகத்தின் வர்க்கமான 400-ஐ எதிர் முடுக்கத்தின் இரு மடங்கான 10-ஆல் வகுக்க 40 மீட்டர்.

இப்போது சரிபார்க்க வேண்டும். பிரேக் விசை, நிறை 15,000 கிலோ × 5, அதாவது 75,000 நியூட்டன். காற்றுத்தடை என்பது அரை × காற்றின் அடர்த்தி 1.2 × இழுவைக் குணகம் 0.7 × முகப்புப் பரப்பு 8 ச.மீ. × வேகத்தின் வர்க்கம் 400, சுமார் 1,340 நியூட்டன். பிரேக் விசையில் 2 சதவீதம்கூட இல்லை, தாராளமாக விடலாம். ஆனால் டிரைவர் கால் பிரேக்குக்குப் போகும் ஒரு வினாடியில் பஸ் 20 மீட்டர் ஓடிவிடும். அதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

அதே பஸ்ஸை நியூட்ரலில் உருளவிட்டால் கதை வேறு. உருளும் உராய்வு எடையில் 0.008 பங்கு என்றால் சுமார் 1,180 நியூட்டன். காற்றுத்தடை அதைவிடப் பெரிது! காற்றுத்தடையை விட்டால் தொடக்க எதிர் முடுக்கம் பாதிக்கும் கீழே போய்விடும். வேகம் குறையக் குறையக் காற்றுத்தடையும் குறைவதால் v² = u² + 2as இங்கே செல்லாது. ஒரு வினாடிக்கு ஒருமுறை விசை, முடுக்கம், புது வேகம் என்று அட்டவணை போட்டு இறங்குங்கள்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வினாடிக்கு 10 மீட்டர் எதிரே அடித்தால், சூத்திரத்தில் 20 அல்ல, 30 போட வேண்டும். தடை 2.25 மடங்காகி 3,000 நியூட்டனைத் தாண்டும்.

திம்பம், கொல்லிமலைப் பாதைகளில் சமதளம் என்ற அனுமானமே நிற்காது. 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவிலேயே பஸ்ஸைக் கீழே இழுக்கும் எடையின் கூறு 7,350 நியூட்டன். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிப்புக் குறையும். மாறாத பிரேக் விசை என்பதும் போயிற்று. கீழ் கியரில் இறங்குவது அதனால்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடக்க ஆகும் நேரத்துக்குப் புள்ளி நிறை போதும். ஒரு வளைவில் பஸ் திரும்புமா என்று கேட்டால் போதாது: பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராமல் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், பஸ்ஸின் நீளம் கணக்கில் இருந்தே தீர வேண்டும்.