பழைய தைல வண்ண உருவப்படத்தை விசாரிப்பது எப்படி?

சுவரில் தலைமுறைகளாகத் தொங்கும் உருவப்படத்தை எப்போது வரைந்தார்கள், பிற்பாடு யார் கை வைத்தார்கள் என்று அறிய விரும்பினால், முதலில் அதைத் துடைக்காதீர்கள். உருளைக்கிழங்கு, ஈரத்துணி, தேங்காய் எண்ணெய் எதுவும் படவே கூடாது. ஃப்ரேம் கடைக்கும் அனுப்ப வேண்டாம். புதுச் சட்டம் போடும்போது பழைய பின்பலகையும் ஒட்டுச்சீட்டும் குப்பைக்குப் போய்விடும். படத்தின் பாதி வரலாறு அவற்றில்தான் இருக்கிறது.

இருவராகப் பிடித்து இறக்கி, சுவரில் சாய்த்து நிறுத்திப் பின்புறத்தைப் பாருங்கள். வண்ணம் செதிலாக எழும்பியிருந்தால் எக்காரணம் கொண்டும் கவிழ்க்காதீர்கள். கேன்வாஸ் விற்ற கம்பெனியின் முத்திரையைத் தேடுங்கள். உதாரணமாக, ஓவியப் பொருள்கள் விற்ற லண்டன் கம்பெனியான வின்சர் அண்ட் நியூட்டன் 1882-இல்தான் லிமிடெட் கம்பெனி ஆனது. முத்திரையில் 'லிமிடெட்' என்றிருந்தால் கேன்வாஸ் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. ஒட்டுச்சீட்டில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் அது 1972-க்குப் பிறகு ஒட்டியது. ஆனால் அது சட்டம் மாற்றிய காலத்தைத்தான் சொல்லும், வரைந்த காலத்தை அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பலர் செய்யும் தவறு. எல்லாவற்றையும் அருகில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள்.

அடுத்து, அது கையால் வரைந்ததுதானா? பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் கன்னத்தையும் கண்ணையும் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சுப்படம். இத்தகைய படங்களை அச்சிட்ட ஓவியர் ரவி வர்மாவின் அச்சகம் 1894-இல் பம்பாயில் தொடங்கியது. தைல ஓவியம் போலத் தோன்றும் அச்சுப்படமான ஒலியோகிராஃபில் கேன்வாஸ் நெசவு போல அழுத்தி வைப்பதும் உண்டு என்பதால் விரலை நம்பாதீர்கள். மெல்லிய வண்ணத்துக்கு அடியில் தூரிகைத் தடமே இல்லாத வழவழப்பான நிழல் தெரிந்தால், புகைப்படத்தின் மேல் வண்ணம் தீட்டியிருக்கலாம்.

அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் படத்தை ஒட்டியபடி பிடியுங்கள். மேலே தெரியும் உருவத்தோடு பொருந்தாத மேடுகள், அடியில் வேறொரு உருவம் இருக்கலாம் என்பதற்கு அறிகுறி. ரெம்பிராண்ட் வரைந்த இராணுவ உடை முதியவர் படத்துக்கு அடியில் தலைகீழாக இன்னொரு முகம் இருப்பதை 1968-இல் எக்ஸ்-ரே காட்டியது. அந்த அளவுக்குப் போக எக்ஸ்-ரேதான் வேண்டும். டார்ச் சந்தேகத்தை மட்டும் எழுப்பும்.

வீட்டில் செய்யக்கூடியதில் மிகவும் பயன்தருவது புற ஊதா விளக்கு. சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் கேட்கும்போது 365 நானோமீட்டர் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். 395 விளக்கின் ஊதா வெளிச்சமே கண்ணை நிறைத்து, படத்தின் ஒளிர்வை அமுக்கிவிடும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணிவது கட்டாயம். பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பச்சையாக ஒளிரும், அரக்கு ஆரஞ்சாக. வார்னிஷுக்கு மேலே பின்னாளில் பூசிய வண்ணம் கருந்திட்டாக நிற்கும். வார்னிஷுக்கு அடியில் இருக்கும் திருத்தங்கள் இதில் தப்பிவிடலாம். திட்டு இல்லை என்பதால் திருத்தமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

மார்பிலுள்ள பதக்கத்தை இந்த வெளிச்சத்தில் கவனமாகப் பாருங்கள். வெள்ளை ஓரமிட்ட வெளிர்நீல நாடாவில் தொங்கினால் அது பிரிட்டிஷ் ஆட்சி தந்த ஸ்டார் ஆஃப் இந்தியா விருதாக இருக்கலாம். அந்த விருதை ஏற்படுத்தியது 1861-இல். பதக்கம் மட்டும் கறுத்துத் தெரிந்தால், விருது கிடைத்தபின் பழைய படத்தில் சேர்த்திருக்க வாய்ப்புண்டு. அப்போது 1861 என்பது படத்தின் வயதைக் கணிக்க உதவாது. கையெழுத்தையும் இதேபோல் சந்தேகித்து லென்ஸில் பாருங்கள்: அதன் வண்ணம் வெடிப்புகளுக்குள் இறங்கியிருந்தால் படம் பழசான பிறகு போட்டது. ரவி வர்மா பெயர் இருந்தால் இதை முதலில் பாருங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சென்னையில் நல்ல இடங்கள் உண்டு. செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் ஆளுநர்களின் உருவப்படங்கள், எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவி வர்மா. உடை, பட்டம், பதவி தெரிந்துவிட்டால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தக்கால அரசிதழ்களில் பெயரைத் தேடலாம்.

நூறாண்டு கடந்த ஓவியம் இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஓவியப் பாதுகாப்பு வல்லுநரிடம் போகும்போது படத்தோடு பழைய ஆணிகளையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள்.