மரவள்ளி ஸ்டார்ச் படலம்: ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரவள்ளி ஸ்டார்ச்சிலிருந்து மக்கும் படலம் செய்வது பார்வைக்கு எளிய வேலை. மாவைத் தண்ணீரில் கரைத்து, படலத்தை இளக்கும் கிளிசரால் சேர்த்து, 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிக் கிளறினால், பால்போல் இருந்த கரைசல் தெளிந்து கஞ்சியாக இறுகும். தட்டில் ஊற்றிக் காயவைத்து உரித்தால் படலம் தயார். முதல் வருட மாணவர்கூடச் செய்துவிடலாம். ஆனால் அதை அளக்கும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். சறுக்க வைப்பது பெரும்பாலும் தண்ணீர்.

ஐப்பசி மழையில் நான் வார்த்த படலம் துணிபோல் மடிந்தது. அதே அளவுகளில் சித்திரையில் வார்த்தது, உரிக்கும்போதே அப்பளம்போல் நொறுங்கியது. கிளிசராலில்தான் குறை என்று புது பாட்டில் வாங்கி ஒரு மாதத்தை இழந்தேன். உண்மையான காரணம் அறையின் காற்று. ஸ்டார்ச் படலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அந்த நீரும் கிளிசராலைப் போலவே ஸ்டார்ச்சின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து படலத்தை இளக்கும். எனவே ஈரப்பதத்தைச் சொல்லாமல் தரப்படும் இழுவலிமை (அறுபடும்வரை தாங்கும் இழுப்பு) எண்ணுக்குப் பொருளே இல்லை.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். டெசிகேட்டரின் (காற்றுப் புகாமல் மூடும் கண்ணாடிக் கலம்) அடியில் மெக்னீசியம் நைட்ரேட் உப்பின் நிறைகரைசலை வையுங்கள். கரையாத உப்பு கொஞ்சம் அடியில் தங்கியிருப்பது அவசியம். 25 டிகிரியில் உள்ளே ஈரப்பதம் ஏறத்தாழ 53 சதவீதத்தில் நிற்கும். படலத்தை இரண்டு மூன்று நாள் அதில் வைத்து, எடை மாறாமல் நின்ற பிறகு, எடுத்த கையோடு அளந்துவிடுங்கள்.

மாவை எடைபோடும்போதும் இதே கவனம் வேண்டும். பையில் இருக்கும் ஸ்டார்ச்சில் சுமார் 12 சதவீதம் நீர்தான். 5 கிராம் என்று நிறுத்தால் உண்மையில் கிடைப்பது 4.4 கிராம். கிளிசரால் விகிதம் அங்கேயே பிசகிவிடுகிறது.

என்னை மிகவும் வருத்துவது மண்ணில் புதைக்கும் சோதனை. ‘ஒரே வாரத்தில் கால்வாசி எடை குறைந்தது, ஆகவே மக்கிவிட்டது’ என்று முடிவெழுதுகிறார்கள். 100 கிராம் ஸ்டார்ச்சுக்கு 30 கிராம் கிளிசரால் சேர்த்திருந்தால், உலர்ந்த படலத்தில் 23 சதவீதம் கிளிசரால். அது நீரில் கரையக்கூடியது. ஈர மண்ணில் எந்த நுண்ணுயிரும் தொடாமலே கசிந்து போய்விடும். மண்ணைத் தட்டிக் கழுவும்போது படலம் கிழிந்து துணுக்குகளும் போகும். கிருமிநீக்கம் செய்த மண்ணில் ஒன்று, வெறும் நீரில் ஒன்று என இரண்டு ஒப்பீட்டு மாதிரிகளாவது வேண்டும். முடிந்தால் வெளிவரும் கரியமில வாயுவை அளக்க வேண்டும். ஐரோப்பாவின் ஈ.என். 13432 தரவிதி 6 மாதத்துக்குள் 90 சதவீத மக்கலைக் கேட்கிறது. அங்கும் அதை வாயுவைக் கொண்டே கணக்கிடுகிறார்கள், எடை இழப்பைக் கொண்டு அல்ல.

வார்த்த மூன்றாம் நாளே எல்லாவற்றையும் அளந்து முடித்துவிடுவதும் தவறு. ஆறிய ஸ்டார்ச்சின் சங்கிலிகள் நாளடைவில் மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். பழைய சோறு விறைப்பதும் இதனால்தான். ஒரு மாதம் கழித்தும் அதே படலத்தைச் சோதியுங்கள்.

சொற்களிலும் குழப்பம் உண்டு. இயற்கை மூலத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று மக்கிவிடாது: பிரேசிலில் கரும்புச் சாராயத்திலிருந்து தயாராகும் பாலிஎத்திலீன் சாதாரண பாலிஎத்திலீனேதான். பெட்ரோலியத்திலிருந்து வரும் பி.பி.ஏ.டி. என்ற பிளாஸ்டிக்கோ மக்கும். பாலிலாக்டிக் அமிலம் என்ற தாவரமூலப் பிளாஸ்டிக் 58 டிகிரி வரை சூடேறும் பெரிய உரக்கிடங்கில் மக்கும். கடலில் பல ஆண்டுகள் கிடக்கும். ‘மக்கும்’ என்று எழுதினால் எங்கே, எந்த வெப்பத்தில், எத்தனை நாளில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

உணவு மாவைத் தொடாமல் வேலை செய்ய விரும்புவோருக்குச் சேலத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளின் திப்பி, அதாவது மாவு எடுத்தபின் மிஞ்சும் கிழங்குச் சக்கை, நல்ல மூலப்பொருள். நாரும் மிச்ச ஸ்டார்ச்சும் அதில் இருக்கின்றன. ஆனால் ஈரத் திப்பி சீக்கிரம் புளித்துவிடும். வாங்கிய அன்றே காயவைத்து, ஒட்டியிருக்கும் மணலைச் சலித்து, எந்த மாதத்துக் கிழங்கு என்று பையின்மேல் எழுதிவையுங்கள்.