குழந்தைக்குப் பார்வை நரம்புக் கட்டி: சிகிச்சையைப் பெற்றோர் அணுகும் முறை

கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வைப் பாதையில் குழந்தைகளுக்கு உண்டாகும் கட்டிகளில் பெரும்பாலானவை, நரம்பணுக்களைத் தாங்கும் துணை அணுக்களிலிருந்து தோன்றி மெதுவாக வளரும் கிளையோமா வகையைச் சேர்ந்தவை. எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கண்டதும் கட்டியை உடனே எடுத்துவிடச் சொல்லிப் பெற்ற மனம் பதறும். ஆனால் இக்கட்டி நரம்பின் இழைகளுக்குள்ளேயே ஊடுருவி வளர்வதால், அதை வெட்டி எடுத்தால் மிஞ்சியிருக்கும் பார்வையும் போய்விடக்கூடும். ஆகவே அறுவை சிகிச்சை, ஏற்கெனவே பார்வை இழந்து கண் பிதுங்கி நிற்கும் நிலை, மூளையில் நீர் தேங்கும் நிலை போன்ற சில சூழல்களுக்கே பொருந்தும்.

முதலில் குழந்தையின் தோலைப் பாருங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காப்பி நிறத் திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால், நியூரோஃபைப்ரோமேட்டோசிஸ் 1 என்னும் மரபணு நோய் உண்டா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். அந்நோய் உள்ள குழந்தைகளில் 15 முதல் 20 சதவீதத்தினருக்கு இக்கட்டி வருகிறது. அவர்களில் பலருக்குக் கண்காணிப்பே போதும்.

அந்தக் கண்காணிப்பின் உயிர்நாடி பார்வைப் பரிசோதனைதான். ஸ்கேனில் கட்டி அப்படியே இருக்கப் பார்வை குறைவதும், கட்டி சற்றுப் பெருத்தும் பார்வை நிலையாக இருப்பதும் உண்டு. பேசத் தெரியாத குழந்தைக்குப் பார்வையை எப்படி அளப்பது என்று தயங்க வேண்டியதில்லை. சாம்பல் நிற அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் கோடுகள் இருக்கும். குழந்தையின் கண்கள் அப்பக்கம் திரும்புகின்றனவா என்று பரிசோதகர் அட்டையின் நடுவிலுள்ள சிறு துளை வழியே கவனிப்பார். கோடுகள் நுணுக நுணுக, எந்த அட்டையில் கண்கள் திரும்பாமல் நிற்கின்றனவோ அதை வைத்துப் பார்வையைக் கணிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இரு கண்களின் அளவையும் தேதியிட்டு நோட்டில் எழுதி வாங்குங்கள். சிகிச்சையைத் தொடங்குவதா என்ற முடிவுக்கு அந்த நோட்டை விட உதவும் ஆவணம் குறைவு என்பது என் கருத்து.

பார்வை குறைந்தால் பெரும்பாலும் கீமோதெரபியே முதல் சிகிச்சை. கார்போபிளாட்டினும் வின்கிறிஸ்டினும் சேர்த்து ஓராண்டுக்கு மேல் தருவதுண்டு. வாரந்தோறும் வின்பிளாஸ்டின் மட்டும் தரும் முறையும் உண்டு. இக்காலத்தில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வின்கிறிஸ்டினால் மலச்சிக்கல், தாடை வலி, நடக்கையில் பாதம் தொங்குதல் ஆகியவை வரலாம். பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகோனசோல் போன்ற மருந்துகள் அதன் நச்சுத்தன்மையைக் கூட்டுவதால், வேறு மருத்துவர் எதை எழுதினாலும் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டிய பிறகே கொடுங்கள்.

நியூரோஃபைப்ரோமேட்டோசிஸ் இல்லாத குழந்தைக்குத் திசுப் பரிசோதனை செய்தால், பிராஃப் (BRAF) என்னும் மரபணுவில் மாற்றம் உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அம்மரபணுவில் வி600இ (V600E) என்னும் மாற்றம் உள்ள, உடல் முழுவதும் செயல்படும் மருந்துச் சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளுக்கு, டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்னும் இரு மருந்துகளைச் சேர்த்துத் தர அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் ஒப்புதல் அளித்தது. கதிர்வீச்சை, குறிப்பாக நியூரோஃபைப்ரோமேட்டோசிஸ் உள்ளவர்களுக்கு, கூடியவரை தவிர்க்கிறார்கள். மூளை இரத்தக் குழாய்கள் சுருங்கவும் பின்னாளில் வேறு புற்றுநோய் வரவும் அது காரணமாகலாம்.

உடலின் சுரப்பிகளை நெறிப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் வரை கட்டி எட்டியிருந்தால் உயரத்தையும் எடையையும் தவறாமல் அளந்து, வயதுக்கு முந்திய பருவ மாற்றம் தெரிந்தால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.