எரித்திரியப் புலம்பெயர் இளையோரை அமைப்பாகத் திரட்டுவது எப்படி

ஐரோப்பாவிலோ கனடாவிலோ எரித்திரிய இளையோருக்கென ஓர் அமைப்பைத் தொடங்க முனைகிறவர், கூட்டத்துக்கு மண்டபம் தேடுவதற்கு முன்பே, வரப்போகிறவர்கள் யார் யார் என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். ஒரு சாரார், எத்தியோப்பியாவுக்கு எதிரான விடுதலைப் போர்க்காலத்தில் வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். ஸ்டாக்ஹோமிலும் பிராங்க்பர்ட்டிலும் பிறந்தவர்கள். இவர்களுடைய பெற்றோர் 1974 முதல் 1991 வரை இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் ஆண்டுதோறும் நடந்த விழாவில் கூடி, உழைத்த பணத்தில் ஒரு பங்கைப் போராட்டத்துக்குக் கொடுத்தவர்கள். மற்றொரு சாரார், சட்டப்படி 18 மாதங்களில் முடிந்திருக்க வேண்டிய கட்டாயத் தேசியப் பணி 2002க்குப் பின் காலவரையின்றி நீண்டுபோனதால் தப்பியோடி, சூடான், லிபியா வழியாகக் கடல் கடந்து வந்தவர்கள். இருவருக்கும் இருபத்திரண்டு வயதுதான் ஆகியிருக்கும். ஆனால் ஒருவருக்கு எரித்திரியா கோடை விடுமுறையில் பாட்டியைப் பார்க்கப் போகும் நாடு. மற்றவருக்குத் திரும்பிப் போக வழியில்லாத நாடு. இந்த இரு சாராரையும் முதல் நாளே ஒரே மேசையில் உட்காரவைத்து அரசியல் பேசத் தொடங்கினால் இரண்டாம் கூட்டம் நடக்காது. தனித்தனியாகச் சந்தித்து, என்ன வேண்டும் என்பதைவிட எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதை முதலில் கேட்டறிவது நல்லது.

நீங்கள் வெற்றிடத்தில் தொடங்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆளும் கட்சி தன் இளைஞர் பிரிவை 2004 முதல் வெளிநாடுகளில் கட்டி வளர்த்திருக்கிறது. மாநாடு, இசை, நடனம், பிற நகரங்களிலிருந்து வரும் நண்பர்கள் என்று அது கொடுப்பது அதிகம். அங்கே போகிற இளைஞர்களை எல்லாம் அரசின் ஏவலர்கள் என்று ஒதுக்குவது அநீதி மட்டுமன்று, மூடத்தனமும்கூட. பலர் தோழமைக்காகவே போகிறார்கள். 1993 ஏப்ரலில் நடந்த பொதுவாக்கெடுப்பில் வெளிநாடுகளில் இருந்தோரும் வாக்களித்து, 99.8 விழுக்காட்டினர் விடுதலையை ஏற்றனர் என்ற பெருமிதம் அந்த வீடுகளில் இன்னும் உயிரோடிருக்கிறது. 1997இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பு நடைமுறைக்கு வரவேயில்லை என்பதையும், தேசியத் தேர்தல் ஒருமுறைகூட நடக்கவில்லை என்பதையும் அந்தப் பெருமிதத்தைப் புண்படுத்தாமல் பேச முடியும். பேசத் தெரிந்தவரையே முதலில் பேசவிடுங்கள்.

அடுத்து வருவது பாதுகாப்பு. இதில் கண்டிப்பாக இருப்பது தவறாகாது. ஊரில் தாயும் தம்பியும் இருக்கிற ஒருவர் மேடையேறினால், அதன் விலையை அவர்களும் கொடுக்க நேரலாம். பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, ஊரில் வீடு அல்லது நிலம் தொடர்பான ஆவணம் என்று எதற்குத் தூதரகத்தை நாடினாலும், வருமானத்தில் 2 விழுக்காட்டு வரி கட்டியதைக் காட்டச் சொல்கிறார்கள். முறையின்றி நாட்டை விட்டு வெளியேறியவரிடம், வருந்துவதாக ஒப்புக்கொள்ளும் படிவத்தில் கையெழுத்தும் கேட்கிறார்கள். ஆகவே உறுப்பினர் பட்டியல் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அனுமதியின்றிப் படம் எடுக்கக்கூடாது என்பதை ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் சொல்லுங்கள். பலர் சேரும் வாட்ஸ்அப் குழுவில் கூட்ட நேரம் தவிர வேறெதையும் எழுத வேண்டாம்.

அமைப்பைப் பதிவுசெய்யும்போதும் இதே கவனம் தேவை. எடுத்துக்காட்டாக, ஜெர்மனியில் சங்கம் ஒன்றைப் பதிவுசெய்யக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். பதிவேட்டில் ஏறும் நிர்வாகிகளின் பெயர்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எனவே குடியுரிமை பெற்றவர்களும், தூதரகத்தின் தயவு தேவைப்படாதவர்களும் நிர்வாகிகளாக இருப்பதே முறை. மற்றவர்கள் பின்னிருந்து உழைக்கலாம். வீரத்தைச் சோதிக்கும் இடமாகச் சங்கத்தை ஆக்கிவிடக்கூடாது.

மொழியில் பலர் சறுக்குகிறார்கள். எரித்திரியாவில் மிகுதியாகப் பேசப்படும் திக்ரின்யா மொழியில் மட்டும் கூட்டம் நடத்தினால், தாழ்நிலப் பகுதிகளிலிருந்து வந்து திக்ரே, சாஹோ, அரபு பேசுகிற முஸ்லிம் இளையோர் முதல் நாளே விலகிவிடுவார்கள். ஐரோப்பாவில் பிறந்தவர்களுக்கோ திக்ரின்யா காதுக்குப் பழக்கம், எழுதவோ வராது. அழைப்பிதழ் திக்ரின்யா, அரபு, உள்ளூர் மொழி மூன்றிலும் இருக்கட்டும். கூட்டத்தைச் சனிக்கிழமை பிற்பகலில் வையுங்கள்; வெள்ளித் தொழுகையும் ஞாயிறு காலையின் நீண்ட திருப்பலியும் குறுக்கே வாரா. உணவு இஞ்செரா என்னும் புளித்த அப்பமும் சிறோவும் என்றால் வம்பில்லை: சிறோ கடலைமாவுக் குழம்பு, ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் நோன்பு நாள்களில் இறைச்சியும் பாலும் தொடமாட்டார்கள், முஸ்லிம்களும் தயக்கமின்றி ஒரே தட்டில் கைவைக்கலாம்.

கோரிக்கையைத் தேர்ந்தெடுப்பதே இந்த வேலையின் உயிர்நாடி. “ஆட்சி மாற வேண்டும்” என்ற முழக்கத்தை எந்த நகராட்சியாலும் நிறைவேற்ற முடியாது. வாழும் நாட்டின் அரசு முடிவெடுக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். தூதரக வரி அப்படிப்பட்டது. ஐ.நா. பாதுகாப்பு அவை 2011இல், 2023 என்ற எண் கொண்ட தன் தீர்மானத்தில் இந்த வரி பயன்படுத்தப்படும் விதத்தைக் கண்டித்தது. கனடா 2013இல் டொராண்டோவில் இருந்த எரித்திரியத் துணைத் தூதரை வெளியேற்றியது. நெதர்லாந்து 2018இல் தலைமைத் தூதரகப் பொறுப்பாளரை வெளியேற்றியது. ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2022 அக்டோபரில், பயண ஆவணத்துக்காக வருத்தப் படிவத்தில் கையெழுத்திடுமாறு, அதற்கு விரும்பாத எரித்திரியர் ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆவணங்களைப் பொறுமையாகச் சேர்க்காமல் இத்தகைய வழக்கை வெல்ல முடியாது.

நீங்கள் சேர்க்கும்போது ஒவ்வொருவரிடமும் நான்கு விவரங்களை வாங்குங்கள்: எந்த நாள், எந்தச் சேவை கேட்டார், என்ன தொகை கட்டச் சொன்னார்கள், ரசீது இருக்கிறதா. பெயரை வழக்கறிஞரிடம் மட்டும் கொடுத்து, நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பும் ஒரு பக்கக் கடிதத்தில் எண்களால் குறிப்பிடுங்கள். அந்தக் கடிதத்தில் வரலாறு வேண்டாம். அவர் எழுப்ப வேண்டிய கேள்வி முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும்.

எண்ணிக்கையை நம்பி மயங்காதீர்கள். ஐ.நா. மனித உரிமை அவை 2014இல் அமைத்த விசாரணை ஆணையம், முதல் ஆண்டில் சுமார் 550 பேரை மறைவாகச் சந்தித்துச் சாட்சியம் பெற்றது. மறு ஆண்டில் ஏறத்தாழ 45,000 கடிதங்கள் வந்து குவிந்தன. பெரும்பாலானவை முதல் அறிக்கையை எதிர்த்தவை. ஆயினும் 2016 ஜூனில் ஆணையம், மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் நடந்ததாக நம்புவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு என்றே முடிவுசெய்தது. விவரமான ஒரு சாட்சியம் அச்சடித்த ஆயிரம் கடிதங்களைவிடக் கனமானது. 2001 செப்டம்பரில் எரித்திரியாவில் கைதான ஸ்வீடன் குடிமகனும் செய்தியாளருமான தாவித் இசாக்கின் பெயரை ஒவ்வோர் ஆண்டும் விடாமல் எழுப்பி வருவதும் இதே வகையான உழைப்புதான். ஆண்டு நினைவு நாளில் நகர நூலகத்தின் முன் ஒரு மணி நேரம் நிற்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

எரித்திரிய அரசின் ஆதரவாளர்கள் நடத்தும் விழாக்களுக்கு எதிரான ஆர்ப்பாட்டம் குறித்து என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2023இல் கீசன், ஸ்டாக்ஹோம், டெல் அவிவ், ஸ்டுட்கார்ட் நகரங்களிலும், 2024 பிப்ரவரியில் தி ஹேக்கிலும் நடந்த மோதல்கள் அரசு எதிர்ப்பாளர்களுக்கு நட்டமே தந்தன. வரியைப் பற்றியோ சிறைகளைப் பற்றியோ எழுத வேண்டிய நாளிதழ்கள் காயமடைந்த காவலர்களின் எண்ணிக்கையை எழுதின. டெல் அவிவ் மோதலுக்குப் பின் இஸ்ரேலியப் பிரதமர் நாடுகடத்தலைப் பற்றிப் பேசினார். புகலிட விண்ணப்பம் நிலுவையில் உள்ள இளைஞருக்கு ஒரு குற்றத் தீர்ப்பு வாழ்க்கையையே புரட்டிவிடும். ஆர்ப்பாட்டம் அவசியம் என்றால் காவல்துறையிடம் முன்னனுமதி பெற்று, விழா நடக்கும் வாயிலிலிருந்து தொலைவில் இடம் கேளுங்கள், பொறுப்பாளர்களை வயதில் மூத்தவர்களாகவும் பெண்களாகவும் தேர்ந்தெடுங்கள், இருட்டுவதற்குள் கலையுங்கள். கொடியை முன்கூட்டியே முடிவுசெய்வதும் நல்லது. எதிர்ப்பாளர்கள் 1952ஆம் ஆண்டின் நீலக் கொடியைப் பிடிக்கிறார்கள், விடுதலைக்குப் பின் வந்த கொடி ஆதரவாளர்களின் கையில் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் எதிரெதிரே நின்றால் பேச்சுக்கு இடமிராது.

எத்தியோப்பியாவின் வடக்கே, எரித்திரியப் படையும் பங்கேற்க, 2020 முதல் 2022 வரை நடந்த திக்ராய் போர் நண்பர்களையே பிரித்துவிட்டது என்பதால், அதுபற்றி அமைப்பு என்ன சொல்லும், எதைச் சொல்லாது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்குரிமையை ஏனோ பலரும் கண்டுகொள்வதில்லை. ஸ்வீடனிலும் நார்வேயிலும் மூன்றாண்டுகள் பதிவாகி வசித்தவர்கள் குடியுரிமை இல்லாமலேயே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம்; நெதர்லாந்தில் ஐந்தாண்டுகள் வேண்டும். புதிதாக வந்தவர்களில் பலர் வாழ்நாளில் வாக்குச்சீட்டைத் தொட்டவர்கள் அல்லர். அதனால் சங்கத்தின் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பதையே இதற்குப் பயிற்சியாக்கலாம்: மறைவான வாக்கு, எண்ணும்போது இரு தரப்பிலிருந்தும் பார்வையாளர்கள், ஒருவர் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பதவியில் இருக்கக்கூடாது என்ற விதி. தமிழ் மன்றங்களில் கணக்கு எழுதிப் பழகிய நண்பர்கள் ஒஸ்லோவிலும் சூரிக்கிலும் அடுத்த தெருவிலேயே இருப்பார்கள். கணக்குத் தணிக்கைக்கு அவர்களை அழைக்கலாம். பதவி மாறும் நாளில் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் கடவுச்சொற்கள், உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றைப் புதியவரிடம் ஒப்படைத்து, பழையவரின் அணுகலை அன்றே நீக்கிவிடுங்கள்.