கதையை முடிக்கத் தெரியாமல் நான் பட்ட பாடு: ஒரு செய்முறை

கதை ஆரம்பிக்க வரும், நடுவில் ஓட்டவும் வரும், முடிக்கிற இடத்தில் வண்டி நின்றுவிடும். அந்த வியாதி உள்ளவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. பாத்திரம், உரையாடல் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. முக்கால்வாசி எழுதின கதை ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

என் கதை இது. அம்மா இறந்து பதினாறாம் நாள் முடிந்ததும், அக்காவும் தம்பியும் பாளையங்கோட்டை வீட்டில் சாமான்களைப் பிரிக்கிறார்கள். அப்பா இருபது வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனவர். அம்மா அவரைப் பற்றி வாயே திறந்ததில்லை. இதற்கு நாலு முடிவு எழுதினேன்.

படி 1: முதல் பக்கம் என்ன கேட்கிறது?

ஒரே வரியில் எழுதுங்கள். என் கதை கேட்டது “வீடு யாருக்கு?” அல்ல, “அம்மா அவருக்காகக் காத்திருந்தாளா?” என்பதைத்தான். முதல் முடிவில் அக்கா வீட்டைத் தம்பிக்கே விட்டுக்கொடுத்தாள். நல்ல மனசுதான், ஆனால் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில். இரண்டாவதில் அப்பா வாசலில் வந்து நின்றார். சீரியல் மாதிரி இருந்தது, கிழித்துவிட்டேன்.

படி 2: கதைக்குள் கிடக்கும் ஒரு பொருளை எடுங்கள்

எனக்குக் கிடைத்தது பத்தமடைப் பாய். கல்யாணத்துக்குப் பெண், மாப்பிள்ளை பேரைக் கோரையிலேயே நெய்து தருவார்கள். பெரும்பாலும் சுருட்டிப் பத்திரமாக வைத்துவிடுவதுதான் வழக்கம். என் கதை அம்மா தினமும் விரித்துப் படுத்தாள். கடைசியில் அக்கா பாயை விரிக்கிறாள். அம்மா பேர் இருக்கும் பக்கம் சாயம் போய்த் தேய்ந்திருக்கிறது. அப்பா பேர் சிவப்பு மாறாமல் அப்படியே இருக்கிறது.

எழுதிவிட்டு எனக்கே புல்லரித்தது. எங்க அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். “ஏல, இதுக்கு முந்தி ஒரு தடவகூட பாயே வரலியே, எங்கன இருந்து முளைச்சுது?” என்றாள்.

படி 3: திரும்பிப் போய் அந்தப் பொருளை முன்னாலேயே நடுங்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். முடிவு சரியில்லை என்றால் கடைசிப் பக்கத்தையே போட்டுப் பிசைகிறோம். கோளாறு பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில் இருக்கும்.

நம்ம ஊர் முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டன் சாகப்போகிறான் என்பது வில்லுப்பாட்டு கேட்க உட்காரும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் அழுகிறார்கள். பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டுவதற்காகப் பூணூலை அறுத்துவிட்டு, அவர்கள் அப்பாவிடம் செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான். கதை நடுவே, கல்யாணத்துக்கு ஒரு நிபந்தனையாக வந்த செருப்பு. அவன் செத்துப் பட்டவராயன் என்ற சாமி ஆன பிறகு, இன்றைக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவனுக்குச் செருப்பைத்தான் காணிக்கையாகப் போடுகிறார்கள். கதை முடிந்தும் பொருள் முடியவில்லை. அது கடைசியில் திடீரென்று வந்திருந்தால் இப்படி நின்றிருக்குமா?

சரி, எப்படி நடுவது? முதலில் நான் எழுதிய வரி: “அம்மா அந்தப் பாதியில் யாரையும் படுக்க விட்டதில்லை.” வாசித்த நண்பர் அங்கேயே முடிவைச் சொல்லிவிட்டார். விதையை மண்ணுக்கு மேலே வைத்துவிட்டேன். அதனால் அம்மாவுக்கு ஒரு பொய்க் காரணம் கொடுத்தேன். சின்னப் பையனாக இருந்த தம்பி அந்தப் பாதிக்கு உருண்டு போகும்போதெல்லாம் இழுத்துக்கொள்கிறாள்: “அங்கன போகாத, எறும்பு கடிக்கும்.” வாசகர் இதைத் தாய்ப்பாசம் என்று எடுத்துக்கொண்டு தாண்டிப் போவார். இன்னும் நாலு பக்கம் கழித்து, தரைக்கு டைல்ஸ் போட்ட பிறகும் அம்மா அதே எறும்பைச் சொல்கிறாள், பையன் சிரிக்கிறான். அவ்வளவுதான். நடுகிற வரிக்கு அந்த இடத்திலேயே செய்ய வேறொரு வேலை இருக்க வேண்டும்.

படி 4: கடைசிப் பத்தியை வெட்டுங்கள்

பாய்க்குப் பிறகும் ஒரு பத்தி வைத்திருந்தேன். காத்திருப்பு, பெண்மை, காலம் என்று ஏதேதோ. அது வாழி. வில்லுப்பாட்டு காப்பு என்ற சாமி வணக்கத்தில் தொடங்கி வாழி என்ற வாழ்த்தில் முடியும். சாமியை, ஊரை, கேட்டவர்களை எல்லாம் வாழ்த்துவார்கள். கோயில் கொடை விழாவில் ராத்திரி முழுக்க கொலையும் சாவும் கேட்டவர்களை வீட்டுக்கு அனுப்ப அது வேணும்.

அதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. 1993-இல் டேனியல் கானமன் என்ற உளவியல் அறிஞரின் குழு ஒரு சோதனை செய்தது. 14 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் 60 நொடி கை வைக்க வேண்டும். இன்னொரு தடவை அதே 60 நொடி, அதற்கு மேல் 30 நொடி. அந்த 30 நொடியில் தண்ணீரை மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றினார்கள். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்றால் பெரும்பாலோர் நீண்டதையே கேட்டார்கள். ஒரு டிகிரிதான், ஆனால் கடைசியில் வந்த ஒரு டிகிரி. வாழியும் அந்த ஒரு டிகிரிதான். அச்சில் வாசிக்கிறவர் கையை எப்போது எடுப்பது என்பதை அவரே பார்த்துக்கொள்வார், நாம் வெந்நீர் ஊற்ற வேண்டாம்.

வெட்டின பிறகு என் கடைசி வரி: எறும்பைத் தட்டிவிடுவது போல அக்கா அப்பா பேரை ஒரு தடவை தட்டிவிட்டாள்.

கருவிகள்: கதையை எதில் வேண்டுமானாலும் அடியுங்கள். முடிவை மட்டும் பேனாவால் நோட்டில் எழுதுங்கள். கை வலித்தால் தத்துவம் தானாகக் குறையும். பிறகு போனில் குரல் பதிவு செய்து கேளுங்கள். ஆச்சி கதை சொல்லும்போது “ம்” கொட்டுவோமே, அந்த “ம்” எங்கே நின்றுபோகிறதோ அங்கேதான் கதை முடிந்திருக்கிறது.

பின்சேர்க்கை 1: “என் கதையில் பொருளே இல்லையே” என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். சொல் போதும். என் கதையில் பாயைவிட எறும்புதான் அதிகம் வேலை பார்த்தது.

பின்சேர்க்கை 2: இன்னொருவர் ஏழு இடத்தில் நட்டுவிட்டு வாசகர் கண்டுபிடித்துவிட்டார் என்று வருத்தப்பட்டார். ஏழு ரொம்ப அதிகம். இரண்டு போதும், மூன்றாவதே சந்தேகம்.

பின்சேர்க்கை 3: பத்தமடைக்காரர் ஒருவர், “கல்யாணத் தேதியும் சேர்த்துல்லா நெய்வாங்க, அத ஏன் விட்டீங்க?” என்று கேட்டார். நியாயம். நடுவில் தேதி இருந்தால் அது எவ்வளவு தேய்ந்திருக்கும்? கதையைத் திரும்பவும் நோட்டில் திறந்து வைத்திருக்கிறேன்.