தோட்டத்துப் பறவைக்கூண்டு: பறவைக்கு முன் வலை

கூண்டில் சிந்தும் தினைக்கு எலி வரும். எலிக்குப் பின்னால் பாம்பு வரும். சிங்கப்பூரில் மலைப்பாம்பு வடிகால் வழியே தோட்டத்துக்குள் நுழையும். மெலிந்த மரப்பாம்புக்குக் கூரையை உரசும் ஒரு கிளை போதும். அதனால் தரைவீட்டில் கூண்டு கட்டுபவர்கள் முதல் பணத்தைக் கம்பிவலையில் போடுங்கள்.

கோழிவலை வேண்டாம், எலி கடித்துவிடும். கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) வெல்ட் மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலை, அரை அங்குலக் கண் (12.7 மி.மீ.) எடுங்கள். சுண்டெலியும் குட்டிப் பாம்பும் அதிலும் நுழையும் என்பதால், வசதியிருந்தால் முழுக்க 6 மி.மீ. கண்ணே நல்லது. உள்ளே வந்து ஒரு குருவியை விழுங்கிய பாம்பு, வயிறு பெருத்து அதே கண் வழியே வெளியேற முடியாமல் உள்ளேயே கிடக்கும். இரவில் வலையைப் பற்றித் தொங்கும் பறவையின் காலைப் பூனை வெளியிலிருந்தே பிய்த்துவிடும், 5 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டாவது வலை அடித்தால் எட்டாது.

புது வலையில் வெள்ளைப் பொடியாகப் படிந்திருக்கும் துத்தநாகம் கிளி இனங்களுக்கு நஞ்சு. வினிகர் தொட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவிய பிறகே மாட்டுங்கள்.

தரைக்குச் சரிவான சிமெண்ட் தளம் போடுங்கள். மண் தரைதான் என்றால் வலையை 30 செ.மீ. ஆழம் புதைத்து, இன்னொரு 30 செ.மீ. வெளிப்பக்கம் மடக்குங்கள். கதவு இரண்டு வேண்டும், இடையில் ஓர் ஆள் நிற்க இடம். ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்க வேண்டும். மேற்குப் பக்கம் சுவராக இருக்கட்டும்: மாலை வெயிலும் விடியற்காலை ‘சுமத்ரா’ என்னும் மழைப்புயல் காற்றும் அங்கிருந்துதான் வரும். கூரையில் பாதியையாவது மூடுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும், கொசு பறவை அம்மையையும் பரப்பும். கொசுப்புகை அடிக்கும் நாளில் பறவைகளை வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். உட்காரக் கொய்யாக்கிளை அருமை. அரளி அருகிலேயே கூடாது.

இனி ஜோடி சேர்ப்பது. 3 × 2 மீட்டர் கூண்டுக்கு நான்கு ஜோடி ஜீப்ரா ஃபிஞ்ச் அல்லது பெங்காலி ஃபிஞ்ச் (இரண்டும் சின்னக் குருவிகள்), ஒரு ஜோடி காக்கடீல் கிளி, தரையில் ஒரு ஜோடி டைமண்ட் புறா போதும். நம் ஆட்கள் பலர் 'லவ்பேர்ட்ஸ்' என்று சொல்வது பட்ஜியைத்தான். அது ஃபிஞ்சின் கால்விரலைக் கடிக்கும், தனிக் கூண்டில் வளருங்கள். உண்மையான ஆப்பிரிக்க லவ்பேர்ட் இன்னும் மோசம், சின்னப் பறவைகளைக் கொன்றே விடும். பாட்டுக்காக வளர்க்கும் ஷாமா பறவையில் ஆண் தன் எல்லைக்குள் இன்னோர் ஆணைச் சகிக்காது.

சண்டை பெரும்பாலும் கூட்டுக்காகத்தான் வரும். ஜோடிக்கு இரண்டு கூடு என்ற கணக்கில், எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் கட்டுங்கள். ஒன்று மட்டும் உயரத்தில் இருந்தால் எல்லா ஜோடிக்கும் அதுவே வேண்டும். தீவனத் தட்டும் இரண்டு இடத்தில். புதிதாக வாங்கிய பறவையை 30 நாள் வேறு அறையில் வைத்து, எச்சமும் மூச்சும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கூண்டில் விடுங்கள்.